பழைய படக்கதைக்கு உரிமை தேடும் வேலை

பழைய அமெரிக்கச் செய்தித்தாள் படக்கதை ஒன்றை மறுபதிப்புச் செய்யலாமா என்று பார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்தத் தேதியில் வந்தது என்பதுதான். ‘பாப்பாய் பொதுச்சொத்து ஆகிவிட்டதா’, ‘ஃபிளாஷ் கார்டன் ஆகிவிட்டதா’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு இந்த வேலையில் ஊறியவர்கள் உடனே பதில் சொல்வதில்லை. அப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. நாற்பது வருடம் ஓடிய ஒரு தொடரில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பன்னிரண்டாயிரம் ஸ்ட்ரிப்புக்கு மேல் தேறும். சட்டத்தின் கண்ணில் அவை ஒவ்வொன்றும் தனிப் படைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி உரிமை அறிவிப்பு, தனிக் கதி. திங்கட்கிழமை ஸ்ட்ரிப் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடியதாகவும், செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரிப் இன்னும் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதாகவும் இருக்கலாம்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தின் வரலாறுதான் காரணம். 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 28 ஆண்டு பாதுகாப்பு. அந்த 28-ஆவது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால் இரண்டாவது தவணையாக இன்னொரு 28. போடவில்லை என்றால் முதல் தவணையோடு கணக்கு முடிந்தது. 1978-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரண்டாம் தவணையை 47 ஆண்டாக நீட்டியது. 1998-இல் அதன்மேல் இன்னும் 20 ஆண்டு ஏறியது. ஆக, ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட படைப்புக்கு மொத்தம் 95 ஆண்டு. 95-ஆம் ஆண்டின் டிசம்பர் 31 முடிந்ததும் அது பொதுச்சொத்து. தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமையாக்கும்போது அரசாணை வரும், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை போகும். அமெரிக்காவில் அதெல்லாம் இல்லை. ஆண்டு பிறந்தால் தானாக விடுபடும்; யாரும் அறிவிக்கக்கூட மாட்டார்கள்.

1998-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது அக்டோபர் கடைசியில். இரண்டு மாதம் தாமதமாகியிருந்தால் 1923-இல் வெளியானவை 1999 ஜனவரி 1 அன்று விடுதலையாகியிருக்கும். சட்டம் வந்ததால் அவை மேலும் 20 ஆண்டு காத்திருந்து, 2019 ஜனவரி 1 அன்றுதான் வெளியே வந்தன. மறுபதிப்புக்காரர்கள் ‘உறைந்த இருபது ஆண்டு’ என்று சொல்வது இதைத்தான். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு வருடம் வீதம் கதவு திறந்துகொண்டிருக்கிறது. 2026 ஜனவரி 1 நிலவரப்படி 1930 டிசம்பர் 31 வரை வெளியான எல்லா ஸ்ட்ரிப்பும் அமெரிக்காவில் பொதுச்சொத்து. வின்சர் மெக்கே 1905-இல் தொடங்கிய ‘லிட்டில் நெமோ’ முழுவதும் அதில் அடக்கம். ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேசி கேட்’ 1913 முதல் 1930 வரை அடக்கம். ஃபிராங்க் கிங்கின் ‘கேஸலின் ஆலி’யில் 1921 பிப்ரவரி 14 அன்று வாசற்படியில் விடப்பட்ட குழந்தை, பள்ளிக்கூடம் போகிற வயது வரை அடக்கம். ‘பிளாண்டி’ 1930 செப்டம்பர் 8 அன்று தொடங்கியதால் அதன் முதல் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவான பகுதி மட்டும். மிக்கி மவுஸின் நாளிதழ்த் தொடர் அதே ஆண்டு ஜனவரி 13-இல் ஆரம்பித்தது. அதன் முதல் வருடம் முழுவதும்.

1964 முதல் 1977 வரை வந்தவற்றில் தேடுவதற்கு அதிகம் இல்லை. 1992-இல் கொண்டுவந்த திருத்தம் அவற்றுக்குப் புதுப்பித்தலைத் தானாகவே நடப்பதாக ஆக்கிவிட்டது. உரிமை அறிவிப்போடு வெளியாகியிருந்தால் 95 ஆண்டு நிச்சயம். அந்தக் காலத்து ஸ்ட்ரிப்பை அச்சிட விரும்புகிறவர் உரிமம் வாங்குவதே வழி.

இரண்டுக்கும் நடுவே, 1931 முதல் 1963 வரையான 33 ஆண்டுகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அமெரிக்க ஸ்ட்ரிப்பின் பொற்காலமும் ஏறக்குறைய அதுவே. 1931-இல் ‘டிக் டிரேசி’, 1934-இல் ‘ஃபிளாஷ் கார்டன்’, ‘மாண்ட்ரேக்’, 1936-இல் தமிழ் வாசகர்கள் வேதாளர் என்று அறிந்த ‘ஃபேண்டம்’ எல்லாம் பிறந்த காலம். இந்த ஆண்டுகளில் வெளியான ஒன்று புதுப்பிக்கப்பட்டிருந்தால் 95 ஆண்டு. புதுப்பிக்கப்படாவிட்டால் அது ஏற்கெனவே பல பத்தாண்டுகளுக்கு முன்பே பொதுச்சொத்து. எது நடந்தது என்பது பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்காக பார்பரா ரிங்கர் 1960-இல் எழுதிய ஆய்வு, பதிவான படைப்புகளில் சுமார் 15 சதவீதம் மட்டுமே புதுப்பிக்கப்பட்டதாகக் காட்டியது. திரைப்படம், இசை போன்றவற்றில் விகிதம் அதிகம். அச்சிட்டவற்றில் மிகக் குறைவு. தினமும் வரும் ஸ்ட்ரிப்புக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. நாவலுக்கு ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம் போதும். வருடம் முழுக்க வந்த தொடருக்கு எத்தனை விண்ணப்பம் என்பது, முதலில் அதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. இருபத்தெட்டு வருடம் கழித்து, நின்றுபோன ஒரு தொடரின் பழைய ஸ்ட்ரிப்புகளுக்காக அந்த மெனக்கெடலில் யார் இறங்குவார்கள்? பழைய ஸ்ட்ரிப் அன்றைக்குக் கிட்டத்தட்ட குப்பை. மறுபதிப்புத் தொகுதிகளுக்கு ஒரு சந்தை வரும் என்று அப்போது நினைத்தவர்கள் சிலரே. அதனால் நாளிதழ்களுக்கு ஸ்ட்ரிப்பை விற்கும் சின்ன சிண்டிகேட்டுகளின் தொடர்கள் கொத்துக் கொத்தாக விடுபட்டன. ஆனால் பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்றே ஆள் இருந்தது. ஓடுகிற குதிரைகளை அவர்கள் விடவில்லை. ‘யார் புதுப்பித்திருக்கப் போகிறார்கள்’ என்ற தைரியத்தில் அச்சுக்கு அனுப்புகிறவர் வழக்கமாக மாட்டிக்கொள்வது இந்தப் பெரிய நிறுவனங்களின் தொடர்களில்தான்.

தேடுவது எப்படி என்பதற்கு ஒரு தேதியை எடுத்துக்கொள்ளலாம். 1938 மார்ச் 14, திங்கட்கிழமை வந்த ஒரு ஸ்ட்ரிப். அதன் 28-ஆவது ஆண்டு 1965 மார்ச் 14-இல் தொடங்கி 1966 மார்ச் 14-இல் முடிகிறது. 1978-க்கு முன்பு காலக்கெடு ஆண்டு முடிவில் தீரவில்லை. வெளியான அதே தேதியில் தீர்ந்தது. ஆகவே ‘1938 கூட்டல் 28, 1966’ என்று கூட்டி 1966-ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். பதிப்புரிமை அலுவலகம் பதிவுகளை அரையாண்டுக்கு ஒரு முறை தொகுத்துத் தடித்த அட்டவணை நூல்களாக வெளியிட்டு வந்தது. இந்த ஸ்ட்ரிப்புக்கு 1965-இன் இரண்டு தொகுதி, 1966-இன் முதல் தொகுதி, தாமதமாகப் பதிவு ஏறியிருக்கலாம் என்பதால் இரண்டாவது தொகுதி என நான்கையும் பார்க்க வேண்டும். எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் நகலாகக் கிடைக்கின்றன. எழுத்துணரி தவறாகப் படித்திருக்கும் என்பதால் தேடல் பெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழக்கம்.

எந்தப் பகுதியில் பார்ப்பது என்பதும் சிக்கல். ஸ்ட்ரிப் பருவ இதழாகப் பதிவாகியிருக்கலாம், பருவ இதழில் வந்த தனிப் பங்களிப்பாகப் பதிவாகியிருக்கலாம், படமாகவும் பதிவாகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் புதுப்பித்தல் பட்டியல் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும் புதுப்பித்தல் தரவுத்தளம் தேடுவதற்கு மிக வசதியானது. அது நூல்களுக்கு மட்டுமான தரவுத்தளம். அங்கே ஒரு ஸ்ட்ரிப்பின் பெயர் இல்லை என்பது எதையுமே நிரூபிக்காது. ஆனாலும் ‘ஸ்டான்ஃபோர்டில் பார்த்துவிட்டோம், இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடிவிடுகிறவர்கள் உண்டு. 1950 முதல் வெளியானவற்றில் பெரும்பாலானவற்றின் புதுப்பித்தல் 1978-க்குப் பிறகு நடந்ததால் அது அலுவலகத்தின் இணையப் பட்டியலிலேயே இருக்கும். அதற்கு முந்தியவற்றுக்கு அச்சுத் தொகுதிகளும், வாஷிங்டனில் மேடிசன் கட்டிடத்திலுள்ள நான்கரைக் கோடிக்கு மேற்பட்ட அட்டைகளும்தான் கதி.

அடுத்து, எந்தப் பெயரில் தேடுவது? தொடரின் தலைப்பு, ஓவியரின் பெயர், சிண்டிகேட்டின் பெயர், பிறகு அந்த சிண்டிகேட்டின் தாய் நிறுவனம், அதற்கு முன்பு அதற்கிருந்த பெயர். வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் சாம்ராஜ்யம் ஒன்றே ஸ்டார் கம்பெனி, இன்டர்நேஷனல் ஃபீச்சர் சர்வீஸ், நியூஸ்பேப்பர் ஃபீச்சர் சர்வீஸ், கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் என்று பல பெயர்களில் உரிமை கோரியது. ஒரே தொடரிலேயே காலப்போக்கில் அடியில் இருக்கும் பெயர் மாறும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிவேட்டுக்குப் போகிறவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

பதிவு கிடைத்துவிட்டால் அதையும் கூர்ந்து படிக்க வேண்டும். புதுப்பித்தல் எண் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும். 1978-க்குப் பிறகு ‘ஆர்ஈ’. உரிமை கோருபவரின் பெயரை ஒட்டி அடைப்புக்குள் சில எழுத்துகள் இருக்கும். ‘ஏ’ என்றால் படைத்தவரே, ‘டபிள்யூ’ என்றால் அவர் விட்டுச்சென்ற மனைவி, ‘சி’ என்றால் பிள்ளை, ‘பி.டபிள்யூ.எச்.’ என்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்வித்த படைப்பின் உடைமையாளர், ‘பி.சி.டபிள்யூ.’ என்றால் தொகுப்புப் படைப்பின் உடைமையாளர். புதுப்பிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று சட்டம் வரையறுத்திருந்தது. நிறுவனத்துக்கு வேலை செய்தவர் வரைந்தது என்றால் நிறுவனம் புதுப்பிக்கலாம். தனி ஓவியர் வரைந்து உரிமையை விற்றிருந்தால் முதல் தவணைக்கு உரிமை வாங்கியவர் இருப்பார். இரண்டாம் தவணைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் ஓவியர், அவர் இல்லையென்றால் அவர் குடும்பம். தவறான ஆள் போட்ட விண்ணப்பம் செல்லாது என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அது நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதிட வேண்டிய விஷயம். சிறு பதிப்பாளர் ஒருவர் இந்த ஓட்டையை நம்பிப் புத்தகம் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

பதிவேட்டுக்கு ஈடாக இன்னொரு சான்று ஸ்ட்ரிப்பிலேயே இருக்கிறது: கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் ஓடும் உரிமை அறிவிப்பு. 1909 சட்டத்தின்கீழ் அறிவிப்பு இல்லாமல் வெளியானால் பதிப்புரிமையே பிறக்காது. 1989 மார்ச் 1 வரை அறிவிப்பு அவசியமாகவே இருந்தது. 1978-க்குப் பிறகு விட்டுப்போனதைச் சரிசெய்ய ஓரளவு வழி இருந்தது, அதற்கு முன்பு அந்தச் சலுகை மிகக் குறைவு. ஆண்டு, உரிமையாளர் பெயர், வட்டத்துக்குள் ‘சி’ அல்லது ‘காப்பிரைட்’ என்ற சொல்: இவை எல்லாம் அந்த ஓர் அங்குல இடத்துக்குள் இருந்தாக வேண்டும்.

அந்த ஓர் அங்குலத்துக்கு ஆபத்துகள் ஏராளம். சிண்டிகேட் அலுவலகம் ஊர் ஊராக இருந்த நாளிதழ்களுக்கு ஸ்ட்ரிப்பைக் காகிதக்கூழ் அச்சாக அனுப்பும், ‘மேட்’ என்பார்கள். உள்ளூர் அச்சகத்தில் அதில் ஈயத்தை ஊற்றித் தகடு வார்த்துப் பக்கத்தில் பூட்டுவார்கள். இடம் போதவில்லை என்றால் தகட்டின் ஓரத்தை அறுப்பார்கள். ஞாயிறு பக்கத்தில் இன்னும் மோசம். முழுப் பக்கத்துக்கு வரைந்ததை அரைப் பக்கத்துக்கும், மூன்றிலொரு பக்கத்துக்கும், டேப்லாய்டுக்கும் வெட்டி அடுக்குவார்கள். மேல் வரிசைக் கட்டங்கள் சில இதழ்களில் காணாமல் போகும். அறிவிப்பு அந்தக் கட்டத்தில் இருந்தால் அதுவும் போகும். இப்படி வெட்டுப்பட்ட ஒரு பிரதியைக் கண்டுவிட்டு ‘அறிவிப்பு இல்லை, எனவே பொதுச்சொத்து’ என்று துள்ளிக் குதிப்பது புதியவர்கள் வழக்கம். சில பிரதிகளில் தவறுதலாக விடுபட்டால் உரிமை போகாது என்று அதே 1909 சட்டம் சொல்லியிருந்தது. ஆகவே ஒரே நாளில் வேறு வேறு ஊர்களில் வந்த நாலைந்து நாளிதழ்களையாவது எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லை, மற்றவற்றில் இருக்கிறது என்றால் அது அந்த அச்சகத்தின் கத்தி செய்த வேலை. எல்லாவற்றிலும் இல்லை என்றால் சிண்டிகேட் அனுப்பிய மூலத்திலேயே இல்லை. அப்போதுதான் விஷயம் இருக்கிறது. சிண்டிகேட் தானே எடுத்த மெய்ப்புத் தாள் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் கிங் ஃபீச்சர்ஸின் அத்தகைய தாள்கள் பெரிய தொகுப்பாக இருக்கின்றன.

அறிவிப்பு விடுபட்டதால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக்கிய வழக்கு, சூப்பர்மேனுக்கும் கேப்டன் மார்வெலுக்கும் நடந்த சண்டை. சூப்பர்மேன் நாளிதழ்த் தொடரை மெக்ளூர் சிண்டிகேட் வெளியிட்டது. அதில் பல ஸ்ட்ரிப்புகளில் அறிவிப்பு இல்லை, அல்லது அரைகுறையாக இருந்தது. கேப்டன் மார்வெலை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு, சூப்பர்மேன் உரிமையே கைவிடப்பட்டுவிட்டது என்று வாதிட்டது. கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1951-இல் மேல்முறையீட்டில் நீதிபதி லெர்னட் ஹேண்ட் அதைத் திருப்பிப் போட்டார். கைவிடுவதற்கு அந்த எண்ணம் வேண்டும். அறிவிப்பைப் போட முயன்று சொதப்பியவர் கைவிட்டவர் ஆக மாட்டார். அறிவிப்பு சரியில்லாத ஸ்ட்ரிப் போனது போனதுதான், ஆனால் போவது அந்த ஒரு ஸ்ட்ரிப் மட்டும், மற்றவை நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற விதி இந்தத் தொழிலில் வேரூன்றியது இந்தத் தீர்ப்பிலிருந்துதான். ஃபாசெட் பிறகு சமரசத்துக்கு வந்தது; 1953-இல் கேப்டன் மார்வெல் நின்றது.

உரிமை யார் கையில் இருந்தது என்ற கேள்வியும் இதே அளவுக்குப் பழையது. ரிச்சர்ட் அவுட்கால்ட் 1896-இல் ‘மஞ்சள் பையன்’ பாத்திரத்தோடு புலிட்சரின் ‘வேர்ல்டு’ நாளிதழிலிருந்து ஹெர்ஸ்டின் ‘ஜர்னல்’ நாளிதழுக்குத் தாவினார். ‘வேர்ல்டு’ ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறு ஓவியரை வைத்து அதே பையனை வரைந்தது. ஒரே நகரத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மஞ்சள் பையன்கள். பிறகு அவருடைய ‘பஸ்டர் பிரவுன்’ தொடர் விஷயத்தில் 1906-இல் வந்த முடிவு: தலைப்பு ‘ஹெரால்டு’ நாளிதழுக்கு, பாத்திரங்களைத் தலைப்பில்லாமல் வரையும் சுதந்திரம் அவுட்கால்டுக்கு. ருடால்ஃப் டர்க்ஸ் 1897-இல் ஹெர்ஸ்டிடம் தொடங்கிய ‘கட்ஸன்ஜாமர் கிட்ஸ்’ தொடருக்கும் 1914-இல் அதே பாணித் தீர்ப்பு. தலைப்பை ஹெர்ஸ்டு வைத்துக்கொண்டு ஹெரால்டு நெர்ரை அமர்த்தினார். டர்க்ஸ் அதே வாலுப் பையன்களை வேறு தலைப்பில் வேறு நாளிதழில் வரைந்தார். இரண்டு தொடர்களும் பல பத்தாண்டுகள் எதிரெதிராக ஓடின. மெக்கேயின் ‘லிட்டில் நெமோ’ ஹெர்ஸ்டிடம் போனபோது தலைப்பு மாறியதற்கும் காரணம் இதுவே. இந்தத் தொடர்களைத் தேடுகிறவர் எந்தத் தலைப்பு, எந்த உரிமையாளர், எந்தக் காலம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொள்ளாமல் நகர முடியாது.

இந்தக் கூட்டத்தில் விவரமாக இருந்தவர் பட் ஃபிஷர். 1907 நவம்பர் 15 அன்று ‘சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ விளையாட்டுப் பக்கத்தில், குதிரைப் பந்தயப் பைத்தியம் ஒருவனை வைத்து ‘ஏ. மட்’ தொடரைத் தொடங்கினார். பிற்பாடு ‘மட் அண்டு ஜெஃப்’ ஆனது. சில வாரங்களில் ஹெர்ஸ்டின் ‘எக்ஸாமினர்’ கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தது. வெளியேறும் தறுவாயில் அவர் ஸ்ட்ரிப்பின் மேலேயே, நாளிதழின் பெயரை விட்டுவிட்டு, ‘காப்பிரைட் 1907, எச். சி. ஃபிஷர்’ என்று தன் கையெழுத்தில் எழுதினார். ‘கிரானிக்கிள்’ ரஸ் வெஸ்டோவரை வைத்து மட்டைத் தொடர முயன்றபோது அந்த வரிதான் ஃபிஷருக்குக் கைகொடுத்தது. 1915-இல் ஹெர்ஸ்டை விட்டும் கிளம்பியபோது மறுபடி வழக்கு. 1921-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபிஷர் பக்கமே நின்றது. ஓவியர்களில் பெரும் பணக்காரராக அவர் ஆனதற்கு நகைச்சுவை எவ்வளவு காரணமோ அந்தப் பொடி வரியும் அவ்வளவு காரணம். அவர் காலத்து மற்ற ஓவியர்களில் பெரும்பாலோர் சிண்டிகேட் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்.

ஸ்ட்ரிப் விடுபட்டது என்பதற்கு, பாத்திரம் முழுமையாக விடுபட்டது என்று பொருள் இல்லை. இதில்தான் இப்போது நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இ. சி. சேகரின் ‘திம்பிள் தியேட்டர்’ தொடர் 1919-இல் தொடங்கியது. ஆலிவ் ஆயில் அன்றே இருந்தாள், அவளுடைய அந்தப் பழைய உருவம் 75 ஆண்டுக் கணக்கிலேயே பொதுச்சொத்தாகிவிட்டது. பாப்பாய் வந்து சேர்ந்தது 1929 ஜனவரி 17 அன்று. அவன் விடுபட்டது 2025-இல். விடுபட்டவன் அந்த வருடத்து ஸ்ட்ரிப்புகளில் காணும் முரட்டு மாலுமி. பின்னாளில் அவனுக்குச் சேர்ந்த குணமும் துணைப் பாத்திரங்களும் அந்தந்த ஸ்ட்ரிப்பின் தேதியோடு கட்டுண்டவை. ‘பிளாண்டி’ இன்னும் நல்ல உதாரணம். 1930-இல் அவள் உல்லாசமாகச் சுற்றும் இளம்பெண். டாக்வுட் ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. 1933 பிப்ரவரி 17 அன்று இருவருக்கும் கல்யாணம், டாக்வுட்டுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று ஆனபிறகுதான் இன்று உலகம் அறிந்த நடுத்தரக் குடும்பக் கதை பிறக்கிறது. புதுப்பிக்கப்பட்டது என்றே வைத்துக்கொண்டால், அந்தக் கல்யாணத்தை எடுத்தாள 2029 ஜனவரி 1 வரை பொறுத்திருக்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றி 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் இதுவே: பழைய கதைகளில் உள்ள ஹோம்ஸ் எல்லோருக்கும் பொது, கடைசிக் கதைகளில் புதிதாகச் சேர்ந்தது மட்டும் அவற்றின் காலம் முடியும் வரை காப்பில் இருக்கும்.

இதோடு டிரேட்மார்க் தொல்லையும் உண்டு. பதிப்புரிமை தீர்ந்தாலும் ‘பாப்பாய்’ என்ற பெயர் வணிகச் சின்னமாகத் தொடரலாம். அதற்குக் காலக்கெடு இல்லை, புழக்கத்தில் இருக்கும்வரை நிற்கும். பழைய ஸ்ட்ரிப்பை அப்படியே அச்சிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுக்குத் தலைப்பு வைப்பது ஒன்று. அட்டையில் பெயரைப் பெரிதாகப் போட்டு, உரிமை நிறுவனமே வெளியிட்டது போன்ற தோற்றம் தருவது வேறு. பதிப்புரிமை முடிந்த படைப்பை டிரேட்மார்க் சட்டத்தைக் கொண்டு மறுபடி பூட்டிவைக்க முடியாது என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாஸ்டர் வழக்கில் சொன்னது. ஆனால் டி-ஷர்ட், பொம்மை, குவளை என்று இறங்குகிறவருக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் துணை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த வக்கீலும் துணிவதில்லை.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும். ஐரோப்பாவில் படைத்தவர் இறந்து 70 ஆண்டு. சேகர் 1938 அக்டோபரில் இறந்தார். எனவே அவர் வரைந்த பாப்பாய் அங்கே 2009 ஜனவரி 1 அன்றே விடுபட்டான், பிறந்த நாட்டுக்குப் பதினாறு ஆண்டு முன்னதாக. டின்டின் இதற்கு நேர் எதிர்: 1929 ஜனவரி 10-இல் தொடங்கிய அதன் முதல் வருடத்துப் பக்கங்கள் அமெரிக்காவில் 2025 முதல் பொதுச்சொத்து, அதைப் படைத்த ஹெர்ஜே 1983-இல் இறந்ததால் பெல்ஜியத்தில் 2054 வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொடர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அறிவிப்பு இல்லாததாலோ புதுப்பிக்காததாலோ அமெரிக்காவில் உரிமை இழந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு, சொந்த நாட்டில் காப்பு மிச்சமிருந்தால், 1996 ஜனவரி 1 முதல் உரிமை திருப்பித் தரப்பட்டது. பிரிட்டிஷ் ஸ்ட்ரிப் ஒன்றுக்கு அமெரிக்கப் பதிவேட்டில் புதுப்பித்தல் இல்லை என்று கண்டுபிடிப்பதில் பயனில்லை.

இந்தியாவில் படைத்தவர் ஆயுளோடு 60 ஆண்டு. ஆனால் வெளிநாட்டுப் படைப்புக்கு, அதன் சொந்த நாட்டில் உள்ள காலத்தைவிட அதிகக் காலம் இங்கே கிடைக்காது என்று 1999-ஆம் ஆண்டின் சர்வதேசப் பதிப்புரிமை ஆணை வரம்பு கட்டியிருக்கிறது. வேதாளரின் கதாசிரியர் லீ ஃபால்க் 1999-இல் இறந்தார். ஆயுள் கணக்குப்படி 2059 முடிய வேண்டும். அமெரிக்கக் கணக்கோ 1936-இல் வந்த ஸ்ட்ரிப்புக்கு 2031-இல் முடிகிறது. 1934-இன் மாண்ட்ரேக்குக்கு 2029-இல். முத்து காமிக்ஸ் போன்ற தமிழ் வெளியீடுகள் இந்த நாயகர்களை உரிமம் பெற்றே கொண்டுவந்தன. முதல் ஆண்டு ஸ்ட்ரிப்புகளுக்கு மட்டும் அந்தத் தேவை இன்னும் சில ஆண்டுகளில் இல்லாமல் போகும். தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. பழைய தமிழ் இதழை ஸ்கேன் செய்து போட நினைப்பவர் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உரிமை தெளிவானாலும் அச்சிடத்தக்க பிரதி வேண்டுமே. அமெரிக்க நூலகங்கள் கட்டிவைத்த நாளிதழ்த் தொகுதிகளை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டுக் கழித்துக்கட்டிய காலம் ஒன்று இருந்தது. ஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிறு பக்கங்களின் நிறம் அதோடு போயிற்று. பில் பிளாக்பியர்டு என்பவர் 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பை நிறுவி, நூலகங்கள் கழித்த தொகுதிகளை வாங்கி வீடு முழுக்க அடுக்கினார். 1998-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அது 75 டன். ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. இன்று பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இருக்கிறது. நல்ல மறுபதிப்புகள் பலவற்றுக்கு அந்தக் காகிதமே மூலம்.

காகிதம் கிடைக்காதவர்கள் அண்மையில் வந்த ஒரு மறுபதிப்பு நூலை ஸ்கேன் செய்கிறார்கள். உள்ளதை உள்ளபடி நகலெடுப்பதால் புதிய பதிப்புரிமை உண்டாகாது என்று 1999-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று பிரிட்ஜ்மன் வழக்கில் முடிவு செய்தது உண்மை. ஆனால் அந்த நூலுக்காக எழுதிய முன்னுரை, புதிதாகப் பூசிய நிறம், விடுபட்ட கட்டங்களைத் திரும்ப வரைந்தது எல்லாம் புதியவர் வேலை. எது பழைய கோடு, எது புதிய கோடு என்று பக்கத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க இயலாது. நாளிதழிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு. கறையும் மடிப்பும் இருந்தாலும் பரவாயில்லை.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் ஒரு தாள் கோப்பில் சேரும். நாளிதழின் பெயர், தேதி, பக்கம், அறிவிப்பு வரி அச்சானபடி, ஒப்பிட்ட மற்ற நாளிதழ்கள், புரட்டிய பதிவேட்டுத் தொகுதிகளும் பக்கங்களும், தேடிய பெயர்கள், கிடைத்த புதுப்பித்தல் எண் அல்லது கிடைக்கவில்லை என்ற குறிப்பு. பெரிய தொகையைப் போட்டு அச்சிடுவதாக இருந்தால், பதிப்புரிமை அலுவலகமே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித்தரும் அறிக்கையையும் சேர்ப்பார்கள். சிண்டிகேட்டின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால் பதிலாக அனுப்புவது இந்தத் தாள்களின் நகலைத்தான்.